சோவியத் காலத்துக்கு ஏங்குகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

கம்யூனிசத்தைப் பற்றிய வாக்குவாதம் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும். ஒருவர் ஸ்டாலின் கால வதைமுகாம்களில் ஆரம்பிப்பார். மற்றவர் காலனி ஆட்சிகளின் பஞ்சச் சாவுகளை எடுத்து வைப்பார். முதலாமவர் பெர்லின் சுவரைச் சொன்னால், இரண்டாமவர் ‘அது உண்மையான கம்யூனிசமே இல்லை’ என்பார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, ‘அங்கே எல்லோருக்கும் வேலை இருந்தது, வீடு இருந்தது, வாழ்ந்தவர்களையே கேட்டுப் பாருங்கள்’ என்றும் சொல்வார். இரண்டு வாதமும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பது அந்தச் சூட்டில் யாருக்கும் உறைக்காது.

இதில் ‘வாழ்ந்தவர்களைக் கேளுங்கள்’ என்ற வாதம் இப்போது அதிகம் காதில் விழுகிறது. அதற்கு ஒரு பலமும் உண்டு. அனுபவித்தவர்களே அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று சொல்லும்போது, தூரத்தில் இருந்து படித்தவர்கள் என்ன மறுத்துப் பேச முடியும்?

சரி, கேட்டுப் பார்ப்போம். ரஷ்யாவின் கருத்துக்கணிப்பு நிறுவனமான லெவாடா மையம் பல ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறது. 2018இல் 66 சதவீத ரஷ்யர்கள் சோவியத் யூனியன் கலைந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார்கள். 2019இல் 70 சதவீதம் பேர் நாட்டின் வரலாற்றில் ஸ்டாலினின் பங்கு நல்லது என்றார்கள். 2020இல் 75 சதவீதம் பேர் சோவியத் காலம்தான் நாட்டின் மிகச் சிறந்த காலம் என்றார்கள். ரஷ்யாவுக்கு வெளியிலும் இதே போக்கு தெரிகிறது. பெர்லின் சுவர் விழுந்து 20 ஆண்டு ஆனபோது எம்னிட் நிறுவனம் எடுத்த கணிப்பில், கிழக்கு ஜெர்மானியர்களில் 57 சதவீதம் பேர் பழைய நாட்டுக்குச் சாதகமாகப் பேசினார்கள். ஹங்கேரியில் பியூ ஆய்வு மையம் அதே 2009இல் கேட்டபோது, கம்யூனிச காலத்தைவிட இப்போது பெரும்பாலானவர்களின் பொருளாதார நிலை மோசம் என்று 72 சதவீதம் பேர் சொன்னார்கள்.

ஆதரவாளர்கள் இந்த எண்களைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்ப்பாளர்களோ, வயதானவர்கள் தங்கள் இளமையை நினைத்து ஏங்குகிறார்கள், வேறொன்றும் இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் அவசரப்படுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. கம்யூனிசம் என்ற ஒரே பெயருக்குள் ஒரு லட்சியமும், ஓர் ஆட்சி முறையும், அந்த ஆட்சியின் கீழ் மனிதர்கள் நடத்திய அன்றாட வாழ்க்கையும் சேர்ந்து கிடக்கின்றன. கணிப்பில் பதில் சொல்கிறவர் பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பதிலை வாங்கி நாம் இரண்டாவதற்குச் சான்றிதழாக ஒட்டுகிறோம்.

யூகோஸ்லாவியாவைப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கே ஒரே கட்சி, ஒரே தலைவர் டிட்டோ, ஒரே பணம், உலகின் பல நாடுகளுக்கு விசா இல்லாமல் போகக்கூடிய ஒரே பாஸ்போர்ட். 2017இல் வெளியான கேலப் கணிப்பு, நாடு உடைந்தது நல்லதா கெட்டதா என்று அதன் வாரிசு நாடுகளில் கேட்டது. செர்பியாவில் 81 சதவீதமும் போஸ்னியாவில் 77 சதவீதமும் கெட்டது என்றார்கள். குரோஷியாவில் அப்படிச் சொன்னவர்கள் 23 சதவீதம். கொசோவோவில் 10 சதவீதம். இவர்கள் எல்லோரும் வாழ்ந்தது ஒரே சோசலிசத்தின் கீழ்தான், அப்புறம் நடந்ததுதான் ஆளுக்கு ஆள் வேறு. போஸ்னியாவுக்குக் கிடைத்தது போரும் படுகொலையும். கொசோவோவின் அல்பேனியர்களுக்குக் கிடைத்தது சொந்த நாடு. பழைய காலத்தைப் பற்றிய ஒருவரின் நினைவில், அதற்குப் பிறகு வந்த காலம் பாதியை எழுதிவிடுகிறது.

ரஷ்யாவில் அந்த ‘பிறகு’ 1992 ஜனவரி 2 அன்று தொடங்கியது. அதிபர் யெல்ட்சினின் அரசில் பொருளாதாரத்தைக் கவனித்த யெகோர் கைதார், பெரும்பாலான பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டை ஒரே நாளில் எடுத்தார். கடைகளில் சரக்கு வந்தது, வரிசை போனது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் விலைகள் சுமார் 26 மடங்கு ஏறிவிட்டன. சோவியத் குடும்பங்கள் அரசு சேமிப்பு வங்கியில் ஆண்டுக்கணக்கில் பணம் போட்டு வைத்திருந்தன. வாங்கப் பொருள் இல்லாத நாட்டில் சம்பளத்தில் மிஞ்சியது பாஸ்புக்கில்தான் தங்கும். கார் வாங்க, மகள் கல்யாணத்துக்கு, தன் சாவுச் செலவுக்கு என்று வைத்திருந்த 5,000 ரூபிளின் மதிப்பு, ஆண்டு இறுதியில் பழைய கணக்குக்கு 200 ரூபிள்கூட இல்லை. பணத்தை யாரும் திருடவில்லை, பாஸ்புக்கில் எண் அப்படியே இருந்தது. அறுபது வயதில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த ஒருவரிடம் போய் சுதந்திரச் சந்தையின் நன்மைகளை விளக்கினால் அவர் என்ன பதில் சொல்வார்?

அதோடு முடியவில்லை. தொண்ணூறுகள் முழுக்கச் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நின்றது. கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன குஸ்-க்ருஸ்தால்னி நகரத்தில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஆலையில் செய்த கண்ணாடிச் சாமான்களையே கொடுத்தார்கள். அதைச் சுமந்துகொண்டு போய் ரயில் நிற்கும் இடங்களில் பயணிகளிடம் விற்றுத்தான் அவர்கள் குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. அதே காலத்தில், 1995இல், ‘கடனுக்குப் பங்கு’ என்ற ஏற்பாட்டில் நாட்டின் பெரிய எண்ணெய், உலோக நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கியாளர்களின் கைக்குப் போயின. உலகின் மிகப் பெரிய நிக்கல் நிறுவனங்களில் ஒன்றான நோரில்ஸ்க் நிக்கலின் கட்டுப்பாட்டுப் பங்கு 17 கோடி டாலருக்குக் கைமாறியது. எண்பதுகளின் நடுவில் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 65 வயதுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. 1994இல் அது 58க்கும் கீழே போனது. போரோ கொள்ளைநோயோ இல்லாமல் ஒரு தொழில்வள நாட்டில் ஆயுள் இவ்வளவு விழுந்தது அபூர்வம். குடி, மாரடைப்பு, தற்கொலை, கொலை என்று மரணச் சான்றிதழ்களில் காரணங்கள் இருந்தன.

லெவாடா கணிப்பில் வருத்தத்துக்கு என்ன காரணம் என்று கேட்கும்போது முன்னணியில் வரும் பதில்களையும் கவனிக்க வேண்டும். ஒரே பொருளாதார அமைப்பு சிதைந்துபோனது, ஒரு வல்லரசின் குடிமக்கள் என்ற உணர்வு போனது, மனிதர்களுக்குள் நம்பிக்கை குறைந்து கசப்பு கூடியது. உற்பத்திச் சாதனங்களின் பொதுவுடைமை போய்விட்டதே என்று வர்க்க மொழியில் யாரும் அழவில்லை.

கிழக்கு ஜெர்மனியின் கதை கொஞ்சம் வேறு, ஏனென்றால் அங்கே பணம் வந்தது. 1990 ஜூலை 1 முதல் சம்பளமும் ஓய்வூதியமும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மேற்கு ஜெர்மன் மார்க்குக்கு மாறின. மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் மேற்கின் நாணயத்தில் சம்பளம் கொடுத்து, பழைய இயந்திரத்தில் பொருள் செய்து, மேற்கின் நிறுவனங்களோடு போட்டி போட கிழக்கின் ஆலைகளால் முடியவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் இருந்த அவற்றின் வாடிக்கையாளர்களும் மார்க்கில் விலை கொடுக்க முடியாமல் விலகினார்கள். அரசு நிறுவனங்களைத் தனியார்மயமாக்க அமைத்த ட்ராய்ஹாண்ட் என்ற அமைப்பின் கையில் சுமார் 8,500 நிறுவனங்கள், 40 லட்சம் தொழிலாளர்கள். 1994 முடிவில் அது மூடப்பட்டபோது அந்த வேலைகளில் பெரும்பகுதி இல்லை. பெண்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது. பழைய நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் வேலையிலோ படிப்பிலோ இருந்தார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகங்கள் இருந்தன. புதிய நாட்டில் வேலைநீக்கப் பட்டியலில் முதலில் வந்தது அவர்கள் பெயர்.

இதைவிட ஆழமாகக் குத்தியது இன்னொன்று. பல்கலைக்கழகம், நீதிமன்றம், நிர்வாகம் எல்லாவற்றிலும் மேல் பதவிகளுக்கு மேற்கில் இருந்து ஆட்கள் வந்தார்கள். நாற்பது வருடம் வேலை பார்த்த ஒருவரின் அனுபவம் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிட்டது. அந்த நிலையில் ஒருவர் ‘அப்போது நாங்களும் மனிதர்களாக வாழ்ந்தோம்’ என்று சொல்வதை ரகசியப் போலீஸ் வேண்டும் என்ற விருப்பமாக எடுத்துக்கொள்வது அநியாயம். ட்ரபான்ட் காருக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்ததை யாரும் திரும்பக் கேட்கவில்லை. 1 கோடியே 64 லட்சம் பேர் இருந்த நாட்டில் 91,000 முழுநேர ஊழியர்களும் ஏறக்குறைய 1,89,000 ரகசியத் தகவலாளிகளும் வைத்திருந்த ஸ்டாசி என்ற அந்த ரகசியப் போலீஸையும் யாரும் கேட்கவில்லை. 1992இல் ஸ்டாசி கோப்புகள் திறக்கப்பட்டபோது, தங்களைப் பற்றி எழுதிக் கொடுத்தது யார் என்று பார்க்க அதே மக்கள்தான் வரிசையில் வந்தார்கள். சிலர் அங்கே நண்பரின் பெயரைப் பார்த்தார்கள், சிலர் கட்டிய கணவரின் பெயரை.

எந்த ஆண்டுகள்?

ஏக்கத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் கேட்காத கேள்வி இதுதான்: எந்த ஆண்டுகளுக்கு ஏங்குகிறார்கள்? பதில் பெரும்பாலும் பிரெஷ்னேவ் காலம், அதாவது அறுபதுகளின் நடுவில் இருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை. அது உண்மையிலேயே முன்னைவிட நல்ல காலம். அவருக்கு முன் ஆண்ட குருஷ்சேவ் காலத்தில் தொடங்கிய ஐந்து மாடிக் குடியிருப்புகளால் கோடிக்கணக்கான குடும்பங்கள் ஒரு சமையலறையை நான்கைந்து குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளும் வாழ்க்கையில் இருந்து தனி வீட்டுக்குப் போயிருந்தன. கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கும் ஓய்வூதியம் வந்தது. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதால் அரசின் கையில் அந்நியச் செலாவணி புரண்டது, வெளியில் இருந்து கோதுமை வாங்க முடிந்தது. நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம் இல்லாமல் தூங்கப் போகலாம். இதை அற்பம் என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் பயம் இருந்ததே இல்லை போலும்.

ஆனால் அந்த நிம்மதி எப்போது வந்தது? கைது செய்து சுடுவது நின்ற பிறகு. 1937-38 என்ற இரண்டே ஆண்டுகளில் ரகசியப் போலீஸின் சொந்தக் கணக்குப்படி 6,81,692 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1937 ஜூலை 30 தேதியிட்ட 00447ஆம் எண் உத்தரவு, எந்தப் பகுதியில் எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று மாகாண வாரியாக ஒதுக்கீடு போட்டுக் கொடுத்தது. ஒதுக்கீட்டைக் கூட்டித் தரும்படி பல பகுதிகளில் இருந்து மாஸ்கோவுக்குக் கோரிக்கை போனது. இரும்பு உற்பத்திக்கும் நிலக்கரிக்கும் இலக்கு போட்ட அதே நிர்வாகப் பழக்கம் மனிதர்களுக்கும் இலக்கு போட்டது. அதற்கு முன், 1932-33 பஞ்சத்தில் உக்ரைனில் மட்டும் 40 லட்சத்தை ஒட்டிய மக்கள் செத்தார்கள். கஜகஸ்தானில் பத்து லட்சத்துக்கு மேல். 1930 முதல் 1953 வரை குலாக் என்ற கட்டாய உழைப்பு முகாம்கள் வழியாகப் போனவர்கள் சுமார் 1.8 கோடி. கூட்டுப்பண்ணை விவசாயிகள் பெரும்பாலோருக்கு 1974 வரை உள்நாட்டுப் பாஸ்போர்ட்டே கிடையாது, அது இல்லாமல் நகரத்துக்குக் குடிபெயர முடியாது.

2018இல் கணிப்பாளரின் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் 1937இல் பெரியவர்களாக இருந்தவர்கள் யாரும் இருந்திருக்க வாய்ப்பில்லை. சுடப்பட்டவர்களின் பிறக்காத பிள்ளைகளும் கணிப்பில் இல்லை. ‘வாழ்ந்தவர்களைக் கேளுங்கள்’ என்ற வாதம் இந்த இடத்தில் உடைகிறது. அந்த ஆட்சியின் மிகக் கொடிய ஆண்டுகளைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் சாகடிக்கப்பட்டவர்கள்.

சாவுக் கணக்கில் எதிர்ப்பாளர்களிடமும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ‘கம்யூனிசம் 10 கோடிப் பேரைக் கொன்றது’ என்ற வாக்கியம் 1997இல் பிரான்சில் வெளியான ‘கம்யூனிசத்தின் கருப்புப் புத்தகம்’ என்ற தொகுப்பின் முன்னுரையில் இருந்து பரவியது. அதே புத்தகத்தில் முக்கியப் பகுதிகளை எழுதிய நிக்கோலா வெர்த், ஜான்-லூயி மார்கோலின் இருவரும், முன்னுரை எழுதிய ஸ்டெஃபான் கூர்த்துவா அந்த எண்ணிக்கையை எட்டுவதிலேயே குறியாக இருந்தார் என்று வெளிப்படையாக மறுத்தார்கள். இது தெரிந்ததும் ஆதரவாளர்கள், ‘பார்த்தீர்களா, எண்ணே பொய்’ என்று மொத்தத்தையும் தள்ளிவிடுகிறார்கள். ஆவணக் காப்பகங்களில் பெயரோடும் தேதியோடும் இருக்கும் எண்ணிக்கையே ஓர் ஆட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போதும். அதை ஊதிப் பெருக்குவது செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 1943 வங்காளப் பஞ்சத்தைச் சொல்லி அதைக் குறைத்துக் காட்டுவதும் மரியாதை ஆகாது. பிரிட்டிஷ் ஆட்சி செய்த குற்றம் உக்ரைன் விவசாயியின் வீட்டில் இருந்து தானியத்தைப் பிடுங்கியவரை விடுதலை செய்துவிடாது.

‘அது உண்மையான கம்யூனிசம் இல்லை’

இந்த வாதத்தைச் சொல்கிறவர்களை உடனே கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. எழுத்துப்படி பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. சோவியத் யூனியனே தான் கம்யூனிசத்தை அடைந்துவிட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை. 1961இல் நடந்த 22ஆவது கட்சி மாநாட்டில் குருஷ்சேவ், இன்னும் இருபதே ஆண்டில் கம்யூனிசம் வரும் என்று வாக்குக் கொடுத்தார். 1980 வந்தபோது அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ‘நடைமுறையில் நிலவும் சோசலிசம்’ என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள், அதாவது இருப்பது இதுதான், இதோடு திருப்திப்பட வேண்டும்.

ஆனால் தப்பிக்கும் வழியாக இந்த வாதத்தைப் பயன்படுத்த முடியாது. லட்சியம் ஏட்டில் இருக்கலாம், ஆட்சியை நடத்தியவர்கள் மனிதர்கள். ரஷ்யாவிலும், ஹங்கேரியிலும், சீனாவிலும், கம்போடியாவிலும் மொழியும் பண்பாடும் வேறு வேறு. ஒரே கட்சி, அதற்குள்ளும் மாற்றுக் குழு கூடாது, சுதந்திரமான தொழிற்சங்கம் கூடாது, சுதந்திரமான பத்திரிகையும் நீதிமன்றமும் கூடாது என்ற ஏற்பாடு மட்டும் எல்லா இடத்திலும் வந்தது. 1921 மார்ச்சில் நடந்த 10ஆவது சோவியத் கட்சி மாநாடு, கட்சிக்குள் கோஷ்டிகளைத் தடை செய்தது. அதே மாதம் க்ரோன்ஷ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகளின் கிளர்ச்சி படை கொண்டு நசுக்கப்பட்டது. இவை லெனின் உயிரோடு இருந்தபோது நடந்தவை என்பதால் எல்லாப் பழியையும் ஸ்டாலின் தலையில் போட்டுவிட முடியாது. ஜெர்மனியின் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் 1918இலேயே சிறையில் இருந்து இதை எச்சரித்தார். சுதந்திரம் என்பது எப்போதும் மாற்றாக நினைப்பவரின் சுதந்திரமே என்று எழுதியவர் முதலாளிகளின் ஆள் இல்லை, புரட்சிக்காக உயிரைக் கொடுத்தவர்.

பொருளாதாரத்தில் தோற்றதற்கும் இதோடு தொடர்பு உண்டு. ஹங்கேரியின் பொருளாதார அறிஞர் யானோஷ் கொர்னாய் உள்ளே இருந்தே அதை விளக்கினார். நஷ்டம் வந்தாலும் ஆலையை அரசு மூடாது, எப்படியும் பணம் கொடுத்துக் காப்பாற்றும். அதனால் ஒவ்வொரு மேலாளரும் தேவைக்கு மேல் மூலப்பொருளும் ஆளும் கேட்டு வாங்கிப் பதுக்குவார். எல்லோரும் பதுக்கினால் எங்கும் தட்டுப்பாடு. எல்லோருக்கும் வேலை கிடைத்ததும் கடையில் வரிசை நின்றதும் ஒரே இயந்திரத்தில் இருந்து வந்தவை. இரண்டில் ஒன்றை மட்டும் நினைவு வைத்துக்கொள்வதை நினைவு என்று சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், இந்த ஆட்சிகள் மீதான மிகக் கடுமையான குற்றச்சாட்டு பணக்கார நாட்டுத் தலைவர்களிடம் இருந்து வரவில்லை, தொழிலாளர்களிடம் இருந்து வந்தது. 1962 ஜூன் 1 அன்று சோவியத் அரசு இறைச்சி விலையை 30 சதவீதமும் வெண்ணெய் விலையை 25 சதவீதமும் ஏற்றியது. தெற்கு ரஷ்யாவின் நோவோசெர்காஸ்க் நகரத்தில் ரயில் இன்ஜின் செய்யும் பெரிய ஆலையில் அதற்குக் கொஞ்சம் முன்புதான் கூலி விகிதத்தைக் குறைத்திருந்தார்கள். இனி எப்படிச் சாப்பிடுவது என்று தொழிலாளர்கள் கேட்டபோது, இறைச்சி வாங்க முடியாவிட்டால் ஈரல் வைத்த பணியாரம் தின்னுங்கள் என்று ஆலை இயக்குநர் பதில் சொன்னார். சங்கு ஊதப்பட்டது, வேலை நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் போன ரயிலையும் நிறுத்தினார்கள். மறுநாள் ஆயிரக்கணக்கானவர்கள் நகர மையத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். கையில் செங்கொடி, லெனின் படம். வழியில் பாலத்தில் டாங்கிகளோடு நின்ற ஜெனரல் மத்வேய் ஷபோஷ்னிகோவுக்குத் தடுத்துத் தாக்கும்படி உத்தரவு வந்தது. டாங்கி கொண்டு தாக்கவேண்டிய எதிரி யாரும் என் முன்னால் இல்லை என்று சொல்லி அவர் மறுத்தார். கூட்டம் பாலத்தைக் கடந்தது. கட்சி அலுவலகத்தின் முன் இருந்த சதுக்கத்தில் படைவீரர்கள் சுட்டார்கள். 26 பேர் செத்தார்கள். அப்புறம் வழக்கு நடத்தி ஏழு பேருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். உடல்களை உறவினர்களிடம் தராமல் ஊர் ஊராகப் பிரித்து ரகசியமாகப் புதைத்தார்கள். பார்த்தவர்களிடம் வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். சுட மறுத்த ஜெனரல் பின்னாளில் கட்சியில் இருந்து நீக்கப்பட்டார். எண்பதுகளின் இறுதி வரை சோவியத் பத்திரிகைகளில் இது பற்றி ஒரு வரி வரவில்லை.

இது தனிச் சம்பவமும் இல்லை. 1953 ஜூனில் கிழக்கு பெர்லினில் வேலை அளவை 10 சதவீதம் கூட்டியதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் கட்டடத் தொழிலாளர்கள், எதிரே வந்தவை சோவியத் டாங்கிகள். 1980 ஆகஸ்டில் போலந்தின் க்தான்ஸ்கில், ஓய்வுபெறச் சில மாதமே இருந்த கிரேன் ஓட்டுநர் அன்னா வாலென்டினோவிச்சை வேலையில் இருந்து நீக்கியதால் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளர்கள் வைத்த 21 கோரிக்கைகளில் முதலாவது, கட்சிக்கும் முதலாளிக்கும் கட்டுப்படாத சுதந்திரத் தொழிற்சங்கம். ‘சாலிடாரிட்டி’ சங்கத்தில் ஒரே ஆண்டில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தது. இன்று தன்னைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிற தோழர் யாராக இருந்தாலும், அந்த முதல் கோரிக்கையின் பக்கமா, ராணுவச் சட்டத்தின் பக்கமா என்ற கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை வைத்துத்தான் அவரோடு மேற்கொண்டு என்ன பேசலாம் என்பது தெரியும்.

இன்றைய ஆதரவாளர்கள்

இன்று கம்யூனிசத்தை ஆதரிக்கும் இளைஞர்களில் பெரும்பாலானவர்கள் சோவியத் யூனியன் கலைந்த பிறகு பிறந்தவர்கள், பலர் அந்த ஆட்சி வந்தே இராத நாடுகளில். அவர்களுக்கு நினைவு இல்லை, எனவே ஏக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. அவர்களிடம் இருப்பது கோபம். 2008 நெருக்கடியில் வங்கிகளைக் காப்பாற்ற அரசிடம் பணம் இருந்ததையும், தங்கள் வாடகைக்கும் கல்விக் கடனுக்கும் அது இல்லாமல் போனதையும் பார்த்து வளர்ந்தவர்கள். அமெரிக்காவில் 2018இல் கேலப் கேட்டபோது 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 51 சதவீதம் பேர் சோசலிசத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் சொன்னார்கள். அவர்களில் பலருக்குச் சோசலிசம் என்றால் இலவச மருத்துவமும் கல்வியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இவர்களை ஸ்டாலின் பக்தர்கள் என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம்.

ஸ்டாலினை நியாயப்படுத்தும் சின்னக் கூட்டம் ஒன்றும் உண்டு. அதிகாரத்தில் இருப்பவர்கள் சொன்ன எல்லாமே பொய் என்று உணரும் ஓர் இளைஞர், அவர்கள் யாரைக் கொடியவர் என்றார்களோ அவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டுவது எளிது. அது புரிகிறது. ஆனாலும் அது தவறு, அதைத் தவறு என்று சொல்லாமல் விடுவது அந்த இளைஞருக்குச் செய்யும் நன்மையும் இல்லை. 1937ஐ நியாயப்படுத்துவதால் யாருடைய வாடகையும் ஒரு காசுகூடக் குறையப் போவதில்லை.

வாடகையைக் குறைக்க முயன்ற கம்யூனிஸ்டுகளும் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் இரண்டாவது பெரிய நகரமான கிராட்ஸில் 2021 செப்டம்பர் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி 28.8 சதவீத வாக்குகளோடு முதலிடத்தில் வந்தது, அதன் எல்கே கார் மேயரானார். பனிப்போர் காலத்தில் அந்தக் கட்சிக்கு நாட்டில் பெரிய ஆதரவு கிடையாது. கிராட்ஸில் அது வளர்ந்தது முப்பது ஆண்டு வேலையால். வீட்டுக்காரரோடு தகராறில் மாட்டியவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி எண் வைத்தார்கள், வழக்குக்கு உதவினார்கள், நகராட்சிக் குடியிருப்புகளின் குளியலறைகளைச் சீர்செய்ய வைத்தார்கள். கட்சிப் பிரதிநிதிகள் தங்கள் சம்பளத்தில் ஒரு தொழிலாளியின் சராசரிச் சம்பளம் அளவுக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வாடகை பாக்கிக்கு, பழுதான சலவை இயந்திரத்துக்கு என்று யாருக்காக எவ்வளவு செலவானது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். அங்கே தேர்தல் உண்டு, எதிர்க்கட்சி உண்டு, பிடிக்காவிட்டால் அடுத்த முறை மக்கள் இறக்கிவிடலாம். அவர்கள் செய்வதைச் சோசலிசம் என்று சொல்லலாமா, நல்ல நகராட்சி நிர்வாகம் என்று சொல்லலாமா என்று கட்சிக்காரர்களே விவாதிக்கலாம். குளியலறை கிடைத்தவருக்கு அந்த விவாதம் முக்கியமில்லை.

இதற்கு நேர் எதிர்முனையில் ரஷ்ய அரசு வளர்க்கும் ஏக்கம் இருக்கிறது. 2000 டிசம்பரில் புதின் சோவியத் தேசிய கீதத்தின் மெட்டை, புதிய வரிகளோடு திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் 2005 முதல் புரட்சி நாளான நவம்பர் 7 விடுமுறை இல்லை, அதற்குப் பதில் நவம்பர் 4 தேசிய ஒற்றுமை நாள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுப்பதற்குச் சில நாள் முன்பு ஆற்றிய உரையில், உக்ரைன் என்ற நாட்டையே உருவாக்கியது லெனின்தான் என்று அவர் குற்றம் சாட்டினார். 2025 மே மாதம் மாஸ்கோவின் தகான்ஸ்கயா மெட்ரோ நிலையத்தில், 1960களில் அகற்றப்பட்ட ஸ்டாலின் சிற்பத்தின் நகல் மீண்டும் வைக்கப்பட்டது. புரட்சியும் சமத்துவமும் வேண்டாம், லெனினும் வேண்டாம். படையும் எல்லையும் வெற்றியும் மட்டும் வேண்டும் என்பது இந்தத் தேர்வின் பொருள். இரண்டாம் உலகப் போரில் 2.7 கோடி உயிர்களைக் கொடுத்த மக்களுக்கு வெற்றியின் நினைவு புனிதமானது, அதில் கலப்படம் இல்லை. அந்தப் புனிதத்தின் நிழலில்தான் மற்ற சரக்கும் கொண்டுவரப்படுகிறது. இடதுசாரிகள் யாராவது இதைத் தங்கள் கொள்கை திரும்பி வருவதாக நினைத்து மகிழ்ந்தால், அவர்கள் ஒரு பேரரசின் ஊர்வலத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

1991இல் முப்பது வயதில் இருந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் இருபது ஆண்டில் ‘வாழ்ந்தவர்களைக் கேளுங்கள்’ என்று சொல்ல ஆள் மிகக் குறைவாகவே இருக்கும். அப்போது கேட்கக் கிடைப்பது ஆவணங்களும் பெயர்ப் பட்டியல்களும்தான். சோவியத் அடக்குமுறைக்குப் பலியான 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டி வைத்தது மெமோரியல் என்ற ரஷ்ய அமைப்பு. இடதுசாரியோ வலதுசாரியோ, யார் வேண்டுமானாலும் தன் தாத்தாவின் பெயரைத் தட்டி, எந்தத் தேதியில் கைது, எந்தத் தேதியில் சுடப்பட்டார் என்று பார்க்கலாம். அந்த அமைப்பைக் கலைக்கும்படி 2021 டிசம்பர் 28 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு அதற்கு அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பட்டியல் இன்னும் இருக்கிறது, அதில் பெயர் சேர்க்கும் வேலையும் முடியவில்லை.